அரங்கேற்றத்துக்குப் பிறகு: பரதநாட்டியத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரங்கேற்றம் முடிந்த கையோடு பெரும்பாலான மாணவர்கள் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு மேற்படிப்புக்கோ வேலைக்கோ போய்விடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கட்டுரை, கழற்றி வைக்க மனம் வராதவர்களுக்காக எழுதப்படுகிறது: பரதநாட்டியத்தையே தொழிலாகக் கொண்டு, சொந்தமாக நடனம் அமைக்கவும், பிறருக்குக் கற்பிக்கவும், இந்தக் கலைக்குள் யாருக்கு இடம் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதைப் பற்றி வாய் திறந்து பேசவும் விரும்புகிறவர்களுக்காக. முதலில் மேடையில் பெயர் வாங்கிவிடுவோம், நியாயத்தைப் பிறகு பேசலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசிவரை பேசுவதே இல்லை என்பது என் கருத்து. மிருதங்கக்காரருக்கு எவ்வளவு கொடுப்பது, வகுப்புக் கட்டணத்தை எங்கே நிறுத்துவது, நிகழ்ச்சிக் குறிப்பில் யார் பெயரை எழுதுவது என்ற முதல் நாள் முடிவுகளிலேயே அந்த நியாயம் கலந்திருக்கிறது. ஆகவே கீழே வரும் படிகளில் சமத்துவம் கடைசிப் படியாக மட்டும் வராது.

முதல் படி: நீங்கள் ஆடுவது யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் மார்க்கம் என்ற நிகழ்ச்சி வரிசை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையோடு தொடர்புடைய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்களின் கையில் உருப்பெற்றது. அதைக் கோயிலிலும் அவையிலும் ஆடி உயிரோடு வைத்திருந்தவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் செய்து கற்றுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய சமூகத்தைச் சேர்ந்த ஆண்கள். அந்த மரபுக்கு வெளியிலிருந்து வந்த ருக்மிணி தேவி 1935ஆம் ஆண்டின் இறுதியில் அடையாற்றில் முதன்முதலாகச் சதிர் ஆடினார்; பரதநாட்டியத்தின் பழைய பெயர் அது. அடுத்த ஆண்டே கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் உண்டு. 1947இல் சென்னை மாகாணம், பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் தடை செய்தது. பெண்களைச் சுரண்டிய ஒரு வழக்கம் அத்துடன் சட்ட விரோதமானது. அதே காலத்தில், அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஆடினால் இழுக்கு, மற்ற வீட்டுப் பெண்கள் ஆடினால் பெருமை என்ற நிலையும் ஊன்றிவிட்டது. 1973இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற, அந்த மரபில் வந்த பாலசரஸ்வதியைப் போன்றவர்கள் விதிவிலக்குகள். விராலிமலை முருகன் கோயிலில் சிறுவயது முதல் சதிர் ஆடிய முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ விருது 2022இல்தான், எண்பது வயதைக் கடந்த பிறகுதான் வந்தது.

இதை வெறும் வரலாற்றுப் பாடமாகப் படித்து முடித்துவிடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து, உங்கள் ஆசிரியருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார், அவருக்கு யார் என்று எத்தனை தலைமுறை பின்னால் போக முடியுமோ அத்தனை தலைமுறை போய் எழுதுங்கள். பெரும்பாலும் மூன்றாவது அல்லது நான்காவது பெயர் ஒரு நட்டுவனாருடையதாகவோ, மரபுவழிப் பெண் கலைஞர் ஒருவருடையதாகவோ இருக்கும். பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி என்று ஊர்ப்பெயரை மட்டும் போட்டுவிட்டு ஆட்களின் பெயரை விட்டுவிடும் நிகழ்ச்சிக் குறிப்புகள் நம்மிடையே நிறைய உண்டு. உங்கள் குறிப்பில் அந்தப் பெயர்கள் இருக்கட்டும். நட்டுவனார்களும் தேவதாசி மரபுக் குடும்பங்களும் சேர்ந்த இசை வேளாளர் மரபிலிருந்து இன்று ஆடியும் எழுதியும் பேசியும் வரும் நிருத்யா பிள்ளை போன்றவர்களின் வாதங்களை, மறுப்புச் சொல்லும் அவசரமில்லாமல், முழுவதும் படியுங்கள், கேளுங்கள். அவற்றில் சில உங்களுக்குக் கசக்கலாம். கசந்தாலும் படிக்க வேண்டியவைதாம்.

இரண்டாம் படி: தேர்ச்சியும் சான்றிதழும்

அரங்கேற்றம் உங்களை ஆடத் தெரிந்தவராக்குகிறது. நடனம் அமைப்பதற்கும் கற்பிப்பதற்கும் அது போதாது. குறைந்தபட்சம் நட்டுவாங்கத்தை முறையாகக் கற்க வேண்டும். தாளத்தைக் கையில் பிடித்து, ஆட்டத்துக்குரிய தாள அசைகளான சொற்கட்டைச் சொல்லிக்கொண்டே எதிரில் ஆடுபவரின் காலைக் கவனிக்கப் பழகாதவர், இன்னொருவர் உடலுக்காக எதையும் அமைக்க முடியாது. நட்டுவாங்கம் ஆண்களுக்கே உரியது என்றிருந்த காலத்தில் கே. ஜே. சரஸா போன்ற பெண்கள் தாளத்தைக் கையில் எடுத்தார்கள்; இன்று அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. பாட்டும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். கச்சேரி செய்யும் அளவுக்கு வேண்டாம், பாடகர் எந்த இடத்தில் சங்கதி போடுவார், எங்கே மூச்சு விடுவார் என்று தெரியும் அளவுக்குப் போதும்.

சான்றிதழ் விஷயத்தில் இரண்டு எதிர்த் துருவங்களைப் பார்க்கிறேன்: பட்டம் எதற்கு என்பவர்கள் ஒரு பக்கம், பட்டமே எல்லாம் என்பவர்கள் மறுபக்கம். தனியாக வகுப்பு நடத்த எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஆனால் பள்ளியிலோ கல்லூரியிலோ மாதச் சம்பளத்துக்குச் சேர வேண்டுமானால் பட்டயமோ பட்டமோ இல்லாமல் விண்ணப்பப் படிவத்தையே தாண்ட முடியாது. கலாக்ஷேத்ரா, அரசு இசைக் கல்லூரிகள், திருச்சியில் உள்ள கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி, பல்கலைக்கழகத் துறைகள் எனப் பல வழிகள் உண்டு. கல்லூரி ஆசிரியராக விரும்புபவர் முதுகலைப் பட்டத்தோடு, நிகழ்த்துகலைப் பாடத்தில் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வையும் எழுதிவிடுவது நல்லது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளை மறந்துவிடக் கூடாது. மிகக் குறைந்த கட்டணத்தில் மூன்றாண்டுகள் பரதநாட்டியம் கற்கலாம். சென்னை சபா வட்டாரத்தில் அந்தப் பள்ளிகளைப் பற்றிய பேச்சே எழுவதில்லை என்பது வேறு கதை.

மூன்றாம் படி: முதல் சொந்த உருப்படி

முதல் முயற்சியிலேயே இரண்டு மணி நேர நாட்டிய நாடகம் வேண்டாம். எட்டு நிமிட உருப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு கேள்வி இருக்கட்டும்.

கதையில்லாத தூய ஆட்டமான நிருத்தப் பகுதியிலிருந்து தொடங்குவது எளிது, ஏனென்றால் அங்கே கணக்கு உங்களைத் திருத்திவிடும். ஆதி தாளத்தில் சதுஸ்ர நடையில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, 32 மாத்திரை. மூன்று முறை திரும்ப வரும் முடிப்புக் கோவையான தீர்மானம் ஒன்றை அந்த ஆவர்த்தனத்துக்குள் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சொற்கட்டு பத்து மாத்திரையானால், நடுவில் வரும் இரண்டு இடைவெளிகளுக்கும் தலா ஒரு மாத்திரை கார்வைதான், அதாவது நிறுத்தம்தான், கிடைக்கும். சொற்கட்டை எட்டாகக் குறைத்தால் கார்வை நான்காக விரியும். முதலாவதில் ஆடுபவருக்கு மூச்சு விடக்கூட நேரமில்லை; பார்ப்பவருக்குப் படபடப்பு வரும். இரண்டாவதில் அந்த நான்கு மாத்திரையில் உடல், முழங்கால் மடக்கிய அரைமண்டியில் அசையாமல் நிற்கும். கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். கணக்கு இரண்டிலும் சரி. எது வேண்டும் என்பதை அந்த உருப்படியில் நீங்கள் சொல்ல வரும் செய்தியே தீர்மானிக்க வேண்டும். நடன அமைப்பு என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு தேர்வுகளின் தொகுப்புதான்.

பாட்டின் பொருளை முகத்தாலும் கையாலும் காட்டும் அபிநயப் பகுதி கடினமானது. ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளில் மாஞ்சி ராகத்தில் அமைந்த 'வருகலாமோ' என்ற பாட்டைப் பல தலைமுறைகளாக நாட்டியக் கலைஞர்கள் ஆடி வருகிறார்கள். கோயிலுக்குள் வரலாமா என்று நந்தன் வெளியில் நின்று கேட்கும் பாட்டு. வழக்கமாக நாம் பார்ப்பது என்ன? முதுகு வளைந்திருக்கும், கை நடுங்கும், கண்ணில் நீர் நிறைந்திருக்கும். அவையில் உட்கார்ந்திருப்பவர்களும் உருகிவிட்டு, வெளியில் வந்து காபி குடித்துவிட்டுப் போவார்கள். நந்தனை வெளியில் நிறுத்தியது யார் என்ற கேள்வி மேடையில் எழவே இல்லை.

இப்போது ஒரு புதிய நடன அமைப்பாளர் என்ன செய்யலாம்? மூல நூல்களுக்குப் போகலாம். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் ஆதனூர்த் திருநாளைப்போவார் என்று வரும் நந்தனார், சிவாலயங்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். கீர்த்தனையில் வரும் கொடுமைக்கார வேதியர் சேக்கிழாரிடம் இல்லை. அது கோபாலகிருஷ்ண பாரதியின் படைப்பு. ஆக, கோயிலில் முழங்கும் வாத்தியத்தைச் செய்யப் பொருள் தந்தவர் கோயிலுக்கு வெளியில் நிற்கிறார். உங்கள் பக்கத்தில், மேடையின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரின் மடியில் இருப்பதும் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் கொண்டு செய்யப்பட்ட மிருதங்கம்தான்; அதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் தலித் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். பாட்டு வரியை விரித்துக் காட்டும் முதல் சஞ்சாரியில் நந்தன் தோலை விரித்து, இழுத்து, வார் கட்டி, விரலால் தட்டி நாதம் பார்க்கட்டும். கை நடுங்காமல், வேலை தெரிந்தவரின் கையாக இருக்கட்டும். அந்தத் தட்டலுக்கு மிருதங்கம் பதில் சொல்லட்டும். பிறகு, நிமிர்ந்த முதுகோடு 'வருகலாமோ' என்று கேட்கட்டும். சொல் மாறவில்லை, ராகம் மாறவில்லை, கேள்வி மட்டும் அவையின் பக்கம் திரும்பிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உங்களுக்கு நேராத துன்பத்தை நீங்கள் ஆடும்போது, அந்தத் துன்பத்தை நேரில் அறிந்தவர்களுக்கு அதை முதலில் ஆடிக்காட்டுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு மாற்றுங்கள். அவர்களுடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள். இதை நான் நாகரிகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. படைப்புக்கும் அது நல்லது, ஏனென்றால் தவறான கைவேலையை வாத்தியம் செய்யும் கலைஞர் ஒருவர் இரண்டு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

மரபின் அடிப்படை அசைவுகளான அடவுகளை வைத்துக்கொண்டே முற்றிலும் வேறு திசையில் போகவும் முடியும். சந்திரலேகா 1985இல் மேடையேற்றிய 'அங்கிகா'வில் பரதநாட்டியத்தைக் களரிப்பயிற்றோடு சேர்த்து, நாயகி, நாயகன், தெய்வம் எதுவும் இல்லாமல் உடலையே பொருளாக எடுத்துக்கொண்டார். அவருடைய குழுவில் ஆடிய பத்மினி செட்டூர் பின்னர் தமக்கென ஒரு சமகால நடன மொழியை உருவாக்கிக்கொண்டார். இவர்களைப் பார்த்து அப்படியே செய்யத் தேவையில்லை. ஆனால் அடவைக் கேள்வி கேட்பவர்கள் அனைவரும் அடவை நன்றாக ஆடத் தெரிந்தவர்களாக இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நான்காம் படி: எழுதி வையுங்கள்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை நாடகப் படைப்பின் ஒரு வகையாகப் பாதுகாக்கிறது; ஆனால் அதன் வடிவம் எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருக்க வேண்டும். மனத்தில் இருக்கும் உருப்படிக்குப் பாதுகாப்பு இல்லை. பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இடப்பக்கம் சாகித்தியமோ சொற்கட்டோ, நடுவில் அடவின் பெயரும் ஹஸ்தம் என்ற கைமுத்திரையும், வலப்பக்கம் மேடையில் நிற்கும் இடமும் பார்க்கும் திசையும். ஒவ்வொரு வரியும் ஓர் ஆவர்த்தனம். கூடவே முழு ஒத்திகை ஒன்றைத் தேதியோடு கைபேசியில் பதிவு செய்து வையுங்கள். உரிமை படைப்பாளியின் ஆயுளுக்கும், அதன் பின் 60 ஆண்டுகளுக்கும் நிலைக்கும். நீங்கள் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யும்போது அந்த வேலையின் பகுதியாக அமைத்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்கே சொந்தமாகும் என்பதையும் சேரும்போதே தெரிந்துகொள்ளுங்கள்; பலருக்கு இது விலகும் நாளில்தான் தெரிய வருகிறது.

ஜதி கோத்துக் கொடுத்தவர், மெட்டமைத்தவர், ஒளியமைத்தவர் ஆகியோரின் பெயரையும் பங்கையும் அதே நோட்டில் எழுதுங்கள். உங்கள் உரிமையைப் பற்றிக் கவலைப்படுகிறவர் பக்கவாத்தியக்காரரின் பங்களிப்பைப் பெயரில்லாமல் விடுவது அழகல்ல.

ஐந்தாம் படி: பணம்

நிகழ்ச்சிகளை மட்டும் நம்பி வாழும் நாட்டியக் கலைஞர்கள் மிகச் சிலர். நேரடி இசையோடு ஆடினால் நட்டுவனார், பாடகர், மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல், ஒப்பனைக்காரர் என்று எல்லோருக்கும் கொடுத்த பிறகு ஆடியவர் கையிலிருந்து போட்டுத்தான் வீடு திரும்புவார். புதியவர்களிடம் மேடை தருவதற்கே பணம் கேட்கும் அமைப்புகளும் உண்டு. நன்கொடை, டிக்கெட் விற்றுக் கொடுப்பது, மலர் வெளியீட்டுக்கு விளம்பரம் பிடித்துத் தருவது என்று பல பெயர்களில் அது வரும். கொடுக்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. காசு கொடுத்து ஆடுவது வழக்கமாகிவிட்டால், காசில்லாதவருக்கு மேடையே இல்லாமல் போகும். அந்தக் கதவை மூடுவதில் நமக்கும் பங்கு வந்துவிடும்.

எந்த நிகழ்ச்சியானாலும், ஒரு பக்கமாவது எழுத்தில் வாங்குங்கள்: தேதி, நேரம், ஊதியம், பயணச் செலவு, ஒத்திகைக்கு அரங்கு கிடைக்குமா, ஒளிப்பதிவு செய்தால் அதை யார் எங்கே வெளியிடலாம் என்பவை அதில் இருக்கட்டும். பக்கவாத்தியக்காரர்களுக்கு நீங்கள் தரும் தொகையையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிறுவனங்கள் வரி பிடித்தம் செய்து கொடுத்தால், ஆண்டு வருமானம் வரம்புக்குக் கீழ் இருப்பவர்கள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். அலுப்புப் பார்த்து விட்டுவிடுபவர்கள் அதிகம்.

உதவித்தொகைகளில் மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கானது. மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள். அதன் பிறகு 25 முதல் 40 வயது வரை உள்ளவர்கள் ஆய்வுப் பணிக்கான இளநிலை நல்கைக்கு (ஜூனியர் ஃபெலோஷிப்) விண்ணப்பிக்கலாம். அது மாதம் 10,000 ரூபாய். வயதும் தொகையும் மாறக்கூடியவை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பெங்களூரில் உள்ள இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளையான ஐஎஃப்ஏ, புதிய கேள்வியோடு வரும் படைப்புகளுக்கு நல்கை தருகிறது. தமிழிலும் விண்ணப்பம் எழுதலாமா என்று அவர்களிடமே கேட்டுப்பாருங்கள். தூர்தர்ஷன் தரவரிசைத் தேர்விலும் தள்ளிப்போடாமல் ஆடிக்காட்டிவிடுங்கள். அந்தத் தரச் சான்று அரசு நிகழ்ச்சிகளில் இன்றும் செல்லுபடியாகும்.

ஆறாம் படி: கற்பித்தல்

மாத வருமானத்தின் பெரும்பகுதி இங்கிருந்துதான் வரும். அதனால்தானோ என்னவோ, பலர் இதை இரண்டாம் தர வேலையாக நினைக்கிறார்கள். நல்ல ஆசிரியர் ஒருவர் ஒரு வட்டாரத்தின் கலைச் சூழலையே மாற்றிவிடுவார்.

முதலில் தரையைப் பாருங்கள். மாடி வீட்டுக் கிரானைட்டிலும் கார் நிறுத்துமிடத்துச் சிமெண்டுத் தரையிலும்தான் நம் பிள்ளைகள் தட்டடவு தட்டுகிறார்கள். கல் அதிர்வை வாங்காது; அது குதிகால் வழியாக முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறும். மரப்பலகைத் தளம் போட வசதியில்லாவிட்டால், தட்டும் நேரத்தையாவது குறையுங்கள். முதலில் உடலைச் சூடேற்றும் பயிற்சி கொடுங்கள். அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் கால் விரல்களின் திசையிலேயே போகிறதா என்று பாருங்கள். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பி, முழங்காலை முன்னால் விட்டுவிட்டு நிற்கும் குழந்தையை அதட்டிப் பயனில்லை; இடுப்புத் திறக்கும் அளவுக்குத்தான் பாதமும் திரும்ப வேண்டும். தட்டுக்கழியை மனைக்கட்டை மேல் தாளம் தட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

குழந்தைகளைத் தொட்டுத் திருத்த வேண்டிய கலை இது. ஆகவே தொடும் முன் சொல்லுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், பெற்றோர் எப்போது வந்து பார்க்க விரும்பினாலும் அனுமதியுங்கள். போக்சோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் புகார் அளிப்பது சட்டக் கடமை. குருவின் பெயர் கெடும், நிறுவனத்தின் மானம் போகும் என்று மறைப்பது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். வயதுவந்த மாணவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். சிறிய வகுப்புகளில் இருப்பவர்கள் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். 2023இல் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் பாலியல் தொல்லைப் புகார்களில் நடவடிக்கை கோரிப் போராடியதை நாடே பார்த்தது. குரு பக்தி புகாருக்குத் தடையாக இருக்கக் கூடாது என்ற பாடம், நான்கு பேர் படிக்கும் வகுப்புக்கும் பொருந்தும்.

கட்டணம் என்பது ஆசிரியரின் கொள்கை வெளிப்படும் இடம். என் பரிந்துரை இது: முழுக் கட்டணம், பாதிக் கட்டணம், கட்டணமின்மை என்று மூன்று நிலை வைத்து, எதைத் தேர்கிறோம் என்பதைப் பெற்றோரே தனியாக எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள், வருமானச் சான்று கேட்காதீர்கள், வகுப்பில் யார் எந்த நிலை என்று தெரியவும் விடாதீர்கள். ஆடை, நகை, சலங்கை ஆகியவற்றுக்குப் பொது அலமாரி ஒன்று வையுங்கள். வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் ஆடைகளைப் பெற்றோர்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள். அரங்கேற்றம் பல லட்சம் ரூபாய்த் திருமணம் போல ஆகிவிட்டது. அழைப்பிதழ், விருந்து, நினைவுப் பரிசு எதுவும் இல்லாமல், நாலைந்து மாணவர்கள் சேர்ந்து நேரடி இசையோடு ஒரு மாலையைப் பகிர்ந்து ஆடினால் செலவும் பகிரப்படும். மார்க்கத்தின் தரம் குறையாது.

வகுப்புக்குள் யார் வர முடிகிறது என்பதில் கட்டணத்தைத் தவிரவும் தடைகள் உண்டு. 'முகவெட்டு', 'மேடைக் களை' என்ற பேச்சில் நிறம் ஒளிந்திருக்கும். சிவந்த பூச்சைக் கறுத்த பிள்ளையின் முகத்தில் அப்பும் ஒப்பனைக்காரரிடம், அவளுடைய நிறத்துக்கேற்ற பூச்சைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வேற்று மதத்துப் பிள்ளைக்குச் சலங்கை பூஜையில் எவ்வளவு பங்கெடுப்பது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பையன்களைச் சிவனாக மட்டும் நிறுத்தாதீர்கள். திருநங்கை ஒருவர் வகுப்புக் கேட்டு வந்தால், நர்த்தகி நடராஜின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள்: மதுரையிலிருந்து புறப்பட்டு, தஞ்சை நால்வர் வழிவந்த கே. பி. கிட்டப்பா பிள்ளையிடம் பல ஆண்டுகள் பயின்று, 2019இல் பத்மஸ்ரீ பெற்று, 2021இல் தமிழ்நாடு அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரானவர் அவர். கிட்டப்பா பிள்ளை அன்று கதவைச் சாத்தியிருந்தால் இழப்பு யாருக்கு?

அரசுப் பள்ளிகளிலும் வேலை இருக்கிறது. 2022 முதல் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழாவுக்குப் பயிற்சி தர ஆளில்லாமல் பல பள்ளிகள் திரைப்படப் பாட்டுக்கு ஆடவைத்து அனுப்புகின்றன. வாரம் ஒரு நாள் நான் வருகிறேன் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். பறையும் கரகமும் ஒயிலும் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். அவர்களிடமிருந்து நீங்கள் கற்க வேண்டியதும் இருக்கும்.

ஏழாம் படி: சமத்துவத்துக்காகப் பேசுவது

கோபம் இயல்பானது, ஆனால் எண்ணிக்கைக்கு வலிமை அதிகம். மார்கழிப் பருவத்துக்கு ஒவ்வொரு சபாவும் நிகழ்ச்சி நிரல் அச்சிடுகிறது. ஒரே ஒரு சபாவின் கடந்த சில ஆண்டு நிரல்களை எடுத்துக்கொண்டு, மொத்த நாட்டிய நிகழ்ச்சிகள் எத்தனை, ஆண்கள் எத்தனை பேர், சென்னைக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர், உள்ளூர்ப் புதியவர்களுக்குப் பகல் நேரமா மாலை நேரமா கிடைத்தது என்று எண்ணுங்கள். சாதியை ஊகித்து எழுதாதீர்கள். மரபுவழிக் கலைஞர் என்று தம்மைப் பொதுவில் சொல்லிக்கொண்டவர்களை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். மேடைக்கு ஏறப் படியைத் தவிர வழி உண்டா, சக்கர நாற்காலியில் வருபவர் ஒப்பனை அறைக்குப் போக முடியுமா என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள்.

அரசு அமைப்புகளிடம் கேள்வி கேட்பதற்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கடந்த ஐந்தாண்டுகளில் எந்தெந்த மாவட்டங்களைச் சேர்ந்தவர்களுக்கு நல்கை வழங்கப்பட்டது, தேர்வுக் குழு எந்த விதிப்படி அமைக்கப்பட்டது என்பன போன்ற குறிப்பான கேள்விகளைக் கேளுங்கள். 'ஏன் பாகுபாடு காட்டுகிறீர்கள்' என்று கேட்டால் பதில் வராது.

தனியாகப் பேசுவது ஆபத்தானது, குறிப்பாக வாய்ப்பை எதிர்பார்த்திருக்கும் வயதில். அழைப்புகள் குறையலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவே இல்லாமல், கையெழுத்திட்ட கூட்டுக் கடிதமும் போதும். அந்தக் குழுவில் யாருக்காகப் பேசுகிறீர்களோ அவர்கள் இருக்க வேண்டும், அவர்களே முதலில் பேச வேண்டும். சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழா கர்நாடக இசையையும் பரதநாட்டியத்தையும் மீனவக் குப்பத்துக்குக் கொண்டுபோனபோது எழுந்த விவாதங்களில் எனக்குப் பயனுள்ளதாகப் பட்டது ஒன்று: உயர்ந்த கலையை எளிய மக்களிடம் கொண்டுசேர்க்கிறோம் என்ற தோரணை வந்துவிடுமோ என்ற கேள்வி. ஒரே மேடையில் பறைக்கும் வில்லுப்பாட்டுக்கும் சம நேரமும் சம மதிப்பும் கொடுத்தால்தான் அந்தத் தோரணை விலகும். சம ஊதியமும் கொடுத்தால் நல்லது என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

கடிதத்தில் மூன்று கோரிக்கைக்கு மேல் வைக்க வேண்டாம். மூன்றும் அந்த ஆண்டே செய்யக்கூடியவையாக இருக்கட்டும். எடுத்துக்காட்டாக, பக்கவாத்தியக் கலைஞர்களின் ஊதியத்தை அமைப்பே நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்துவது, புதியவர்களிடம் எந்தப் பெயரிலும் பணம் பெறமாட்டோம் என்று விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிடுவது, மேடையருகே சாய்தளம் அமைப்பது. நீங்கள் எடுத்த எண்ணிக்கையை ஒரே பக்கத்தில் இணையுங்கள். மார்கழி நிரல் மழைக்காலத்துக்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடும் என்பதால் கடிதம் ஜூன் மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால், இருவராக நேரில் போய்ச் செயலாளரிடம் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு இரண்டாம் நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கி வாருங்கள். அடுத்த ஆண்டுக் கடிதத்தை அந்தத் தேதியைக் குறிப்பிட்டே தொடங்கலாம்.